ஓடாத வழியையும் பார்த்த மைனிக்கு

என் அன்பு மைனி,

நீங்கள் போய் ஓராண்டு ஆகப்போகிறது. அமரவிளையில் ஆம்புலன்ஸை நிறுத்திவிட்டு, அடுத்த அழைப்பு வரும்வரை இதை எழுதுகிறேன். எனக்குக் கடிதம் எழுதும் பழக்கம் ஏது? ஆனால் நீங்கள் செய்ததை ஊரில் யாரும் சரியாகச் சொல்லவில்லை. அந்த மனக்குறைதான்.

அண்ணனைக் கட்டி நீங்கள் வீட்டுக்கு வந்தபோது, இணைய சேவைகளை ஒன்றோடொன்று சேர்க்கும் ஆராய்ச்சியில் இருக்கிறீர்கள் என்றார்கள். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. பிறகு நம் ஊருக்காகவே ஒன்றைச் செய்ய உட்கார்ந்தீர்கள். ஆஸ்பத்திரிகளில் காலிப் படுக்கை சொல்லும் சேவை, எங்கள் ஓட்டுநர்களின் ஆம்புலன்ஸ் சேவை, இரத்தம் கொடுப்பவர்களின் பட்டியல் என மூன்றும் போனில் ஏற்கெனவே தனித்தனியாக ஓடிக்கொண்டிருந்தன. "புதுசா ஒண்ணும் உண்டாக்கண்டாம். இருக்கியதைச் சேத்தாப் போதும்" என்றீர்கள். ஒரு பொத்தானை அழுத்தினால் மூன்றும் கிடைக்கும்.

வாசகசாலையில் திறப்பு விழாவுக்கு நான்தான் அலைந்து எல்லோரையும் அழைத்தேன். விழாவுக்கு இரண்டு நாளைக்கு முன்னால் ஒரு மத்தியானம் என்னைக் கூப்பிட்டீர்கள்.

"எலே ஸ்டீபா, சனிக்கிழமை வேண்டாம். மாத்து."

"என்ன மைனி இது? எத்தன தடவ ஓட்டிப் பாத்தாச்சு! ஒரு குழப்பமும் இல்லியே?"

"ஓடின வழியைத்தான் நாம பாத்தோம். ஓடாத வழியை யாரு பாத்தா?"

மடிக்கணினியை என் பக்கம் திருப்பினீர்கள். திரை முழுக்க வட்டங்களும் அம்புகளும். ஒவ்வொரு சேவையும் எந்த நிலையில் இருக்கும், அங்கிருந்து எங்கே போகும் என்பதைக் கணிதமாக எழுதிக் கொடுத்திருந்தீர்கள். நடக்கக்கூடிய எல்லா வரிசைகளையும் கணினி ஒன்றுவிடாமல் தேடி, ஓர் இடத்தில் சிக்கல் கண்டு நின்றிருந்தது. இரண்டு நோயாளிகள் ஒரே நேரத்தில் கேட்கிறார்கள். இருப்பது ஒரு வண்டி, ஒரு படுக்கை. ஒருவருக்கு வண்டி கிடைத்துப் படுக்கைக்குக் காத்திருக்கிறார். மற்றவருக்குப் படுக்கை கிடைத்து வண்டிக்குக் காத்திருக்கிறார். கையில் இருப்பதை இருவரும் விடுவதில்லை. தனித்தனியே எந்தச் சேவையிலும் தப்பில்லை. சேர்த்த இடத்தில்தான் தப்பு.

"பின்ன அந்த ரெண்டு பேரும்?" என்று கேட்டேன்.

"கிடந்துகிட்டே இருப்பாவ மக்கா."

கோபத்தோடு நின்றவன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். படுக்கை உறுதியான பிறகே வண்டியைப் பிடிப்பதுபோல் மாற்றப்போவதாகச் சொன்னீர்கள். அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன்.

"அது நடக்காது மைனி. நாங்க படுக்கைக்காக நிக்க மாட்டோம். விளிச்ச உடனே வண்டியை எடுத்திருவோம். போற வழியில ஆக்கும் ஆஸ்பத்திரிக்குக் கேக்கது. ஒண்ணுல இல்லேன்னா அடுத்தது."

"இதை ஏம்ல முன்னயே சொல்லல்ல?"

"நீங்க கேக்கல்லியே."

நீங்கள் சிரித்துவிட்டு, பல நாள் உழைத்து வரைந்ததை என் கண்முன்னே அழித்தீர்கள். முதலில் வண்டி, ஓடும் வண்டி கேட்கும்போது மட்டும் படுக்கை, வண்டியில்லாமல் யாரும் படுக்கையைப் பிடித்து வைக்க முடியாது என்று புதிதாக எழுதத் தொடங்கினீர்கள். அவ்வளவு படித்த ஒருவர் ஓர் ஓட்டுநரின் பேச்சுக்காகத் தன் வேலையை அழிப்பதை நான் அதுவரை கண்டதில்லை.

எல்லோரிடமும் சொல்லி மாற்ற நேரமில்லாததால் சனிக்கிழமை எல்லோரும் வந்துவிட்டார்கள். இன்று திறப்பு இல்லை என்றதும் சிலர் முணுமுணுத்தார்கள். நீங்களே மைக்கின் முன்னால் நின்று, மலையாளத்திலும் தமிழிலும், "தப்பு என்மேல ஆக்கும். சரியாக்கிட்டுத் தாறேன்" என்றீர்கள். வேறு யாராவது அப்படிச் சொல்லியிருப்பார்களா மைனி?

எந்த வரிசையில் எது வந்தாலும் யாரும் சிக்கி நிற்கமாட்டார்கள் என்று நிரூபித்த பிறகே திறந்தீர்கள். அந்த மழைக்காலத்தில் பெருங்கடவிளையில் ஒரு பிரசவ வலியும் பாறசாலையில் ஒரு பைக் விபத்தும் ஒரே நேரத்தில் வந்தன. பெருங்கடவிளைக்கு நான் போனேன். மற்றதற்குக் களியக்காவிளையிலிருந்து வண்டி வந்தது. "ரெண்டு பேரையும் ஆஸ்பத்திரியில சேத்தாச்சு மைனி" என்று போன் செய்தேன். "பிள்ளை சுகமா இருக்கா?" என்று மட்டும் கேட்டீர்கள்.

உங்களையும் நான்தான் ஏற்றிக்கொண்டு போனேன். துணி காயப்போடும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தீர்கள். வண்டி உடனே வந்தது, படுக்கை தயாராக இருந்தது, இரத்தம் கொடுக்க இரண்டு பேர் வாசலில் நின்றார்கள். நீங்கள் எழுதியதில் ஒரு பிழையும் இல்லை. எல்லாம் சரியாக நடந்தும் ஓர் உயிர் போகும் என்பதை நான் எங்கே எழுதிவைப்பது?

அண்ணன் இப்போது கொஞ்சம் பேசுகிறார், சாப்பிடுகிறார். உங்களோடு வேலை பார்த்த ஷீபா, டயாலிசிஸுக்கு இடம் பார்க்கும் சேவையையும் இதோடு சேர்க்கத் தொடங்கியிருக்கிறார். வண்டி ஓடாத நேரங்களில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் வரையும் ஒவ்வொரு அம்புக்கும் சாலையில் உண்மையில் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். நேற்று கணினி ஓர் இடத்தில் நின்றது. ஏன் நின்றது என்று ஷீபா சொல்வதற்கு முன்பே எனக்குப் புரிந்துவிட்டது.

டயாலிசிஸுக்கு என் வண்டியில் வரும் சுகுமாரன் அண்ணாச்சி இன்று காலையில் கேட்டார்: "எலே, நம்ம காரியம் எப்ப போன்ல வரும்?"

"நிரூபிச்ச பொறவு வரும் அண்ணாச்சி."

"யாரு நிரூபிக்கணும்?"

"நாங்க ஆக்கும்" என்றேன்.

உங்களையும் சேர்த்துத்தான் சொன்னேன் மைனி. யார் எவ்வளவு அவசரப்படுத்தினாலும், நிரூபிக்காத ஒன்றை நம் ஊர்க்காரர்கள் கையில் கொடுக்க விடமாட்டேன்.

உங்கள் கொழுந்தன்,
ஸ்டீபன்