ஒன்பதாம் எண் கல்

அன்பு மகளுக்கு, அண்ணன் பெற்ற பிள்ளையை வளர்த்து ஆளாக்கும் ஆயுள் தண்டனையைச் சிரித்த முகத்தோடு அனுபவித்துவரும் உன் சித்தப்பா எழுதுவது. இங்கே நானும் சித்தியும் சுகம். நீ சுகமா என்று கேட்டுவிட்டு வழக்கமாக அடுத்த வரிக்கு ஓடிவிடுவேன், இந்தத் தடவை கேட்டுவிட்டு அங்கேயே நிற்கிறேன். சித்தியின் முழங்கால் பரவாயில்லை, மாடிப்படியை இப்போது திட்டாமலே ஏறுகிறாள், அந்தத் திட்டெல்லாம் மிச்சமாகி என் பக்கம் வருகிறது. பக்கத்து வீட்டுப் பல் டாக்டர், கல்லை உருட்டிப் பளபளப்பாக்கும் என் மெஷின் போடும் சத்தத்தில் தன் வீட்டுச் சுவரே பல்லைக் கடிக்கிறது என்று புகார் சொன்னார். கடிக்கும் பல்லைப் பிடுங்குவதுதானே உங்கள் தொழில் என்றேன், அன்றிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை.

நீ அனுப்பிய பெட்டி வந்தது. சுரங்கப்பாதையில் என்னோடு அளவெடுக்கும் ஒன்பது பேருக்கு ஒன்பது கல், தோண்டத் தோண்டக் கிடைத்த வரிசையில் எண் போட்டிருக்கிறேன், அடுத்த மாதம் மலையின் மறுபக்கம் துளைத்துக்கொண்டு வெளியே வரும்போது ஆளுக்கொன்று கொடுக்க வேண்டும், எல்லாவற்றையும் ஒரே தடவையில் உருட்டிப் பளபளவென்று அனுப்புங்கள் என்று எழுதியிருந்தாய். உன் சித்தப்பா சக்கரவர்த்தி துணி துவைக்கும் அறையில் ஸ்டூல் போட்டு அமர்ந்து ஒன்பது கல்லையும் தர்பாருக்கு அழைத்தார். கண்டதையும் மெஷினின் ஒரே டிரம்மில் போட முடியாது மகளே. கடினமான கல்லோடு இளகின கல்லைச் சேர்த்தால், ஒரு வாரம் உருண்ட பிறகு கடினமானது மட்டும் இருக்கும், மற்றது சேறாகியிருக்கும். விரிசல் விட்டது ஒன்று உள்ளே போனால், அது உடைந்து மற்ற எல்லாவற்றையும் கீறிவிடும். அதனால் யாரோடு யாரைச் சேர்ப்பது என்று முதலில் கீறிப் பார்ப்பேன், நகம், செப்புக் காசு, கத்தி என்ற வரிசையில். உன் முதல் ஐந்து கல்லும் மகா வீரர்கள், கத்தி வழுக்கிக்கொண்டு போய் என் விரலைத்தான் வெட்டியது, அந்த ரத்தத்தில் ஒரு படகே விடலாம். ஆறும் ஏழும் கத்திக்கு வழிவிட்டன. எட்டில் காசு கோடு போட்டது. ஒன்பதில் என் கட்டைவிரல் நகம் போதுமாக இருந்தது, ஓரத்தில் இரண்டு துண்டு கையோடு உடைந்து வந்தது. சோப்பைக் கீறியது போல இருந்தது. கடினம் பார்த்துக் கற்களை மேசையில் அடுக்கி முடித்துவிட்டு நிமிர்ந்தால், நீ போட்ட எண் வரிசை ஒன்றுகூடப் பிசகாமல் அப்படியே நின்றது. நீ உள்ளே போகப் போக மலை இளகிக்கொண்டே வருகிறது. அடுக்கியதை முதலிலிருந்து மறுபடி எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தேன், சித்தி வந்து, என்ன இவ்வளவு நேரம் சத்தமே காணோம், உயிரோட இருக்கீங்களா என்று எட்டிப் பார்த்தாள்.

உடனே உனக்குப் போன் செய்தேன். நீ என்ன சொன்னாய் என்று உனக்கே தெரியும். போன மாசம் தோள் மேல பல்லி விழுந்ததுக்குக் கூரையே இடிஞ்சு விழுந்துடுச்சுன்னு கத்தின ஆளுதானே சித்தப்பா நீங்க என்றாய், சிரித்தாய். போகிற போக்கில், ரெண்டு நாளா மேலருந்து தண்ணி சொட்டுது, மழைக்கோட்டு மாட்டிக்கிட்டுதான் போறோம், ஜாலியா இருக்கு என்றும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். பிறகு நாலு தடவை அடித்தேன், நீ உள்ளே இருந்தாய். முப்பது வருஷமாக நான் அளந்த அளப்புக்கெல்லாம் நீ விழுந்து விழுந்து சிரித்தாய், அந்தச் சிரிப்புக்காகவே இன்னும் நாலு முழம் சேர்த்து அளந்தேன். இப்போது உண்மையாகவே பயம் வந்து நிற்கிறது, அதைச் சொல்ல என்னிடம் நம்புகிற மாதிரி ஒரு வாய் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

இனி எழுதுவதில் பீலா கிடையாது. கழுவுவதற்காக ஒன்பதாம் கல்லைத் தண்ணீரில் போட்டேன். கரைந்துவிட்டது. முதலில் மேலே மெல்லிய விரிசல்கள், பிறகு தட்டுத்தட்டாகக் கழன்றது, கடைசியில் பாத்திரத்தின் அடியில் சாம்பல் நிறச் சேறு. ஏமாந்திருப்பேனோ என்று, உடைந்து வந்திருந்த துண்டுகளில் ஒன்றை வேறு டம்ளரில் போட்டு, சித்தியைக் கடிகாரத்தோடு பக்கத்தில் உட்கார வைத்தேன். இருபத்தைந்து நிமிடத்தில் அதுவும் சேறு. எனக்குச் சுரங்கம் தெரியாது. கண்ணாடிக் கடையில் காலமெல்லாம் லென்ஸ் தேய்த்தவன், எது எதற்குத் தாங்கும் என்பது மட்டும் கைக்குத் தெரியும். ஒரே ஒரு கல் அப்படி இருக்கலாம், மலை முழுக்க அப்படி இல்லாமல் இருக்கலாம். ஆனால் அதை எடுத்த இடத்தில் இப்போது தண்ணீர் சொட்டுகிறது, வெடி வைத்த பிறகு முதலில் அங்கே போய்க் குறி போடுகிறவள் நீ.

மிச்சமிருக்கும் ஒரு துண்டைக் காய்ந்தபடியே பிளாஸ்டிக் உறையில் கட்டி இதோடு வைத்திருக்கிறேன், கூரியர்காரர் நாளை மறுநாள் சேர்ந்துவிடும் என்றார். கடிதத்தைக் கீழே வைத்ததும் அதை எடுத்துக்கொண்டு உங்கள் மேலதிகாரியிடம் போ, அவர் மேசை மேல் தண்ணீரில் போடு, அவரும் பார்க்கட்டும். அதுவரை உள்ளே காலெடுத்து வைக்காதே. எங்கள் வீட்டில் ஒரு கிறுக்குச் சித்தப்பா இருக்கிறார் என்று சொல்லிக்கொள், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். ஒன்பது பேரும் என்னை வைத்து வருஷம் முழுக்கச் சிரிக்கட்டும், ஒன்பது பேரும் இருந்து சிரிக்கட்டும். முதல் ஐந்து கல்லும் டிரம்மில் உருள்கின்றன, மற்றவற்றைத் தனியாக வைத்திருக்கிறேன். வேளைக்குச் சாப்பிடு, தலைக்கவசத்தின் வாரை இறுக்கிப் போடு. நூறு வயது வாழ வேண்டும் என்று வாழ்த்துகிறேன், இதில் ஒன்றுகூடக் குறைக்காதே.

உன்,
சித்தப்பா

சித்தி எழுதுகிறேன். மேலே இவர் எழுதியதைப் படித்துப் பார்த்தேன், ஒரு இடத்தில் பொய் இருக்கிறது. கடிகாரம் என் கையில்தான் இருந்தது. இருபத்தைந்து நிமிடம் இல்லை, ஒன்பது. உள்ளதை எழுதினால் வழக்கமான அளப்பு என்று நீ தள்ளிவிடுவாய் என்று பயந்து கூட்டி எழுதியிருக்கிறார். நீ போகாதே கண்ணு.