உப்பு முத்தம்

ஜூன் 18, 2006, ஞாயிறு

என் மகள் எமிக்கு மூக்கடைப்பு விடவே இல்லை. சண்டே ஸ்கூலில் பாட்டு முழுக்க மூக்காலேயே பாடினாள். “அப்படியே உன் தம்பி ஜோசியா!” என்று என் வீட்டுக்காரர் சிலாஸ் அத்தான் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

ஜோசியா! எங்கள் ஊர் மல்காஜ்கிரியில் கிறிஸ்துமஸ் கேரல் ரவுண்ட்ஸ் போனால் வாயால் மூச்சு வாங்கியபடியே எல்லார் வீட்டுக் கேக்கையும் தின்று தீர்ப்பான். உடம்பில் ஒட்டாது. முத்தம் கொடுத்தால் உப்புக் கரிக்கும். ‘உப்புக்கண்டம்’ என்றுதான் கூப்பிடுவேன். ஒன்பது வயதில் நெஞ்சுச்சளி கொண்டுபோய்விட்டது.

ஜூன் 23

டாக்டர் உலகநாதன் எமியின் மூக்கில் லைட் அடித்துப் பார்த்தார். இரண்டு பக்கமும் உரித்த திராட்சை போலச் சதை. பாலிப்பாம். “ஆபரேஷன்ல எடுத்துடலாம்மா. ஆனா இவ்ளோ சின்னப் பிள்ளைக்கு வந்தா, ஏன் வந்துச்சுன்னு தேடணும்.”

அலர்ஜி உண்டா, இழுப்பு உண்டா, நன்றாகச் சாப்பிட்டும் எடை ஏறவில்லையா என்று கேட்டுக்கொண்டே வந்தார். “நீங்களும் வீட்டுக்காரரும் சொந்தமா?”

“மாமா பையன்.” எங்கள் சனத்தில் இதில் என்ன அதிசயம்?

“முத்தம் கொடுத்தா உப்புக் கரிக்குதா?”

“கரிக்கும். என் தம்பிக்கும் கரிக்கும்” என்றேன்.

ஜூன் 24

“கைக்கு அழறே மம்மி, ஏன்?” என்கிறாள். வெங்காயம் நறுக்கினேன் என்றேன்.

ஜூலை 3

கையை வியர்க்க வைத்து, வியர்வையில் உப்பு எவ்வளவு என்று பார்க்கிறார்கள். கர்த்தாவே, வெறும் அலர்ஜியாக இருக்கட்டும்.

ஜூலை 6

அலர்ஜி இல்லை. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ். தாய், தகப்பன் இருவர் வழியாகவும் வந்தால்தான் பிள்ளையைப் பிடிக்குமாம். சளி கெட்டிப்பட்டு மூக்கிலும் நெஞ்சிலும் தேங்கும். தீராது. விடாமல் கவனித்தால் வளர்த்துவிடலாம் என்கிறார்.

“அப்ப ஜோசியாவுக்கும்?” என்றார் அத்தான்.

“இருந்திருக்கலாம்.”

டேய் உப்புக்கண்டம், உன் உடம்பு சொல்லிக்கிட்டேதான் இருந்திருக்கு. எங்களுக்கு எங்கடா தெரிஞ்சுது?

ஆகஸ்ட் 12

ஆபரேஷன் புண் ஆறி, மூக்கு திறந்துவிட்டது. நான் ரசம் தாளிக்கும்போது எமி ஓடி வந்தாள். “வாட் இஸ் தட் ஸ்மெல் மம்மி? டெய்லி வருமா?”

தினமும்தான்டி கண்ணு.

டிசம்பர் 19, 2007

எமிக்கு இன்று பத்து வயது. ஜோசியா பார்க்காத வயது.

சாப்பாட்டோடு மாத்திரை, காலையும் மாலையும் முதுகைத் தட்டிச் சளி எடுப்பது என்று எங்கள் நாள் ஓடுகிறது. இன்று, “நக்கோ மம்மி, வேணாம், கேரல்ஸ் வேன் வந்துடும்!” என்று நெளிந்தாள். தட்டி முடித்துத்தான் விட்டேன்.

வாசலில் நெற்றியில் முத்தம் கொடுத்தேன். உப்பு.

“போய்ட்டு வாடி, உப்புக்கண்டம்.”