கடல் பக்கம், வயல் பக்கம்

பெப்ரவரி 17, திங்கள்

விடியலிலிருந்து தூறல். அறுவடைக்கு நிற்கும் நேரத்தில் மழை. நாவிதன்வெளியில் வயல் செய்யும் தம்பிக்குப் போனில் கோல் எடுத்தேன். "ஒண்டும் கேக்காதீங்க ராத்தா" என்றான், வைத்துவிட்டான். வகுப்புப் போட்டிக்கு ஒரு சுண்டு நெல் கேட்கத்தான் எடுத்தேன். பிறகு பார்ப்போம்.

வாங்க: பற்றரி. ஒட்டுகிற கறுப்பு ரேப். பிஸ்கட் பெட்டி (போட்டியில் அதுதான் நெல் மில்). வெங்காயம்.

இடைவேளையில் அதிபர் அழைத்தார். நாலாம் தரத்துத் தாய்மார் சிலர் வந்து போனார்களாம். அடுத்த வருடம் புலமைப்பரிசில் பரீட்சை, பிள்ளைகள் இப்போது பொம்மைக் கார் ஓட்டுகிறார்களே என்று. அதிபர் சேர் நல்ல மனிதர். ஆனால் கடைசியாக யார் கதைத்தார்களோ அவர்கள் பக்கம் சாய்ந்துவிடுவார். முடிவு இது: வியாழக்கிழமை றோபோப் போட்டியில் ஒரு வண்டியாவது, யாரும் கை வைக்காமல், நெல்லை மில்லில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். இல்லையென்றால் நோன்பு விடுமுறை முடிந்து வந்ததும் அந்த றோபோப் பாடவேளை மாதிரி வினாத்தாளுக்குப் போய்விடும்.

"ஒண்டு போதும் டீச்சர். ஒண்டே ஒண்டு."

சரி என்று வந்துவிட்டேன். வராமல் என்ன செய்ய.

சொல்வதெழுதுதல் திருத்தினேன். நுஸ்ரத் வழக்கம்போல். கடல் = கடள். வயல் = வயள். பால் = பாள். இந்தப் பிள்ளைக்கு அந்த எழுத்தோடு என்ன பகையோ. வகுப்பில் வாய் திறக்காதவள். றோபோ பாடவேளையில் மட்டும் அவள் வாயை மூட நான் பாடுபட வேண்டும். அந்தப் பாடவேளை போனால் மறுபடி கடைசி வாங்கில் இருக்கை, மறுபடி ஊமை. இதை அதிபருக்கு எந்த வினாத்தாளில் காட்டுவது?

பெப்ரவரி 18, செவ்வாய்

மழை விட்டது. புழுக்கம். மின்விசிறி ஓடவில்லை.

நாலு குழு, பெயர் அவர்களே வைத்தது: சுறா, டிறக்டர் (வயல் உழுவது), கொக்கு, புயல். நுஸ்ரத் கொக்கில். யோகட் கோப்பையில் நெல், கோப்பை வண்டியின் முதுகில். அட்டை வரம்புகளுக்கு நடுவே வளைந்து வளைந்து மில்லுக்குப் போக வேண்டும். கட்டாரிலிருக்கும் பழைய மாணவர் ஒருவர் அனுப்பிய வண்டிகள். ஒன்றுக்குச் சில்லு கழன்று கழன்று விழுகிறது.

காரைதீவிலிருந்து வரும் சுகந்தி டீச்சர்தான் நடுவர். எட்டிப் பார்க்க வந்தவர், கணினியில் பிள்ளைகள் வண்டிக்கு எழுதும் கட்டளைகளுக்குப் பெயர் 'கடல்', 'வயல்' என்று இருப்பதைக் கண்டு இது என்ன கூத்து என்றார். விளக்கம் சொன்னேன். முதலில் வலம், இடம் என்றுதான் போட்டேன். 'இடம்' என்றால் எந்த இடம் டீச்சர் என்று கேட்டார்கள். வலதுக்குச் சோத்துக்கை என்றால் விளங்குகிறது. ஆனால் மற்றக் கையின் பெயரைச் சொன்னதும் வகுப்பே விழுந்து சிரிக்கிறது, அதோடு பாடம் முடிந்தது. கடல் எந்தப் பக்கம், வயல் எந்தப் பக்கம் என்று இந்த ஊரில் யாருக்கும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. எங்கள் வகுப்பில் வண்டி எப்போதும் வடக்கே பாண்டிருப்பைப் பார்த்துத்தான் புறப்படும். சோத்துக்கைப் பக்கம் கடல், மற்றப் பக்கம் வயல். பெயரை மாற்றிய நாளிலிருந்து ஒருவரும் பிழை விடவில்லை.

"உங்களுக்கு நல்ல மூளைதான்" என்றார் சு.டீ. கொஞ்சம் பெருமையாக இருந்தது. இங்கே எழுதி வைக்கிறேன், வேறு எங்கே எழுத?

பெப்ரவரி 19, புதன்

ஒத்திகை. நாலு வண்டியும் போய்ச் சேர்ந்தன. சுறா கொஞ்சம் நெல்லைக் கொட்டியது, பரவாயில்லை. மாஷா அல்லாஹ் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டேன். கண் படக்கூடாது.

தம்பி நெல் அனுப்பிவிட்டான், ஈர நெல். கோபம் தணிந்திருக்க வேண்டும்.

விதிகளை எழுதி ஒட்டினேன். இரண்டு சுற்று. வண்டி ஓடும்போது கை வைக்கக் கூடாது. போட்டி தொடங்கிய பிறகு ஆசிரியர் எந்தக் குழுவோடும் கதைக்கக் கூடாது. இந்தக் கடைசி விதி என் கைங்கரியம். டீச்சர்தான் செய்து கொடுத்தார் என்று பிறகு யாரும் சொல்லக்கூடாதே.

நுஸ்ரத்தின் உம்மா கேற்றடியில் பிடித்துக்கொண்டார். "இவக்கு எழுத்து வருகுதில்ல டீச்சர். அந்த நேரத்தில எழுத்தச் சொல்லிக் குடுங்களன்." சண்டைக்கு வந்திருந்தால் நானும் ரெண்டு வார்த்தை சொல்லியிருப்பேன். அவர் கெஞ்சினார். நாளைக்கு வந்து பாருங்கள் என்றேன்.

வீட்டில் என் வீட்டுக்காரர் சாப்பிடும்போது கேட்கிறார், தோற்றால் வண்டிகளை என்ன செய்வீர்கள், விற்பீர்களா என்று. கறியை நகர்த்தி வைத்தேன்.

பெப்ரவரி 20, வியாழன்

இரவெல்லாம் மழை. வகுப்பறைக் கூரை ஒழுகித் தரையெல்லாம் தண்ணீர். போட்டியைப் பிரதான மண்டபத்துக்கு மாற்றினோம். மேடையில் அதிபர், தாய்மார். அவர்களுக்குத் தெரிய வேண்டுமென்று மில்லை மேடையடியில் வைத்தேன். ஆகவே வண்டி தெற்கே காரைதீவைப் பார்த்துப் புறப்படும். அதனால் என்ன, வண்டிக்கு எல்லாம் ஒன்றுதானே என்று நினைத்தேன். வண்டிக்கு ஒன்றுதான்.

ஆயத்த நேரத்தில் பிள்ளைகள் ஜன்னலால் எட்டிப் பார்ப்பதும் கை நீட்டுவதும் குசுகுசுப்பதும். மழை பார்க்கிறார்கள் என்று இருந்துவிட்டேன்.

முதல் சுற்று. சுறா முதல் வளைவிலேயே எதிர்ப்பக்கம் திரும்பி அட்டையில் முட்டியது. டிறக்டர், அதே வளைவு, அதே அட்டை. தாய்மார் சிரித்தார்கள். கொக்கும் முட்டியபோதுதான் எனக்கு விளங்கியது. வண்டி இந்தப் பக்கம் பார்த்தால் கடல் மற்றப் பக்கம் வந்துவிட்டது. ஆகவே பிள்ளைகள் ஒழுங்காக, கவனமாக, ஒன்றுவிடாமல், கணினியில் கடலையெல்லாம் வயலாகவும் வயலையெல்லாம் கடலாகவும் மாற்றியிருக்கிறார்கள். நாலு குழுவும். நான் சொல்லிக்கொடுத்தபடியேதான்.

யா அல்லாஹ். புயலும் முட்டியது. அதிபர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ரெண்டு சொல் போதும், சொல்லத்தான் வாயில்லை. விதி இந்த மண்டபச் சுவரிலும், என் கையெழுத்தில். சு.டீக்கும் விளங்கிவிட்டது. அவர் என்னைப் பார்க்க, நான் சுவரைப் பார்த்தேன். நல்ல மூளை!

இடைநேரம். சுறாக்காரர் சில்லைக் கழற்றினார்கள். டிறக்டரில் சண்டை. நுஸ்ரத் மட்டும் வண்டிக்குப் பின்னால் போய்க் குந்தினாள், வண்டி பார்க்கும் பக்கமே பார்த்தபடி. சோத்துக்கையை நீட்டினாள். எழும்பித் திரும்பி நின்றாள். மறுபடி கையை நீட்டினாள். பிறகு மண்டபம் முழுக்கக் கேட்கிற குரலில்:

"கடலெண்டா கடல் இல்லகா! அது வண்டிட சோத்துக்கை. வண்டி எங்க பாத்தாலும் அதுட கை அதோடதான் வரும்."

கொக்குக்காரர் கட்டளைகளைப் பழையபடி மாற்றினார்கள்.

இரண்டாம் சுற்று. கொக்கு முதல் வளைவைத் தாண்டியது, இரண்டாவதையும். கடைசி வளைவில் அட்டையோடு உரசி நின்று சில்லு சும்மா சுற்றியது. கோப்பை சரிந்தது. நுஸ்ரத் ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். சில்லு எப்படியோ பிடித்தது. மில்லுக்குள் போய் முட்டி நின்றது. கோப்பையில் பாதி நெல் இருந்தது.

புயலும் மில்லில் போய்ச் சேர்ந்தது. நுஸ்ரத் கத்தியதைக் கேட்டு மாற்றியவர்கள். சு.டீ. அதைக் கேளாதவர் மாதிரி இருந்தார்.

அதிபர் இறங்கி வந்து ஒரு நெல்லை எடுத்துக் கடித்தார். ஈரம் கூடுதல் என்றார். போய்விட்டார்.

நுஸ்ரத்தின் உம்மா கதவடியில் நின்றார். "கத்தினது இவளா டீச்சர்? இவட குரலா அது?"

ஓம் என்றேன். சந்தோஷம். வேறு சொல் தேடவில்லை.

பெப்ரவரி 21, வெள்ளி

வெயில். ஜும்ஆத் தொழுகை நாள், பள்ளிக்கூடத்தை நேரத்தோடு விட்டுவிடுவார்கள். தம்பி நெல் காயப்போட்டிருப்பான்.

அதிபர் புதிய பாட நேரசூசி அனுப்பினார். மேலிருந்து கீழே ஒருதரம், கீழிருந்து மேலே ஒருதரம் பார்த்தேன். றோபோ இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஓரத்தில் பேனையால்: 'வண்டி பார்க்கும் திசையை முற்கூட்டியே அறிவிக்கவும்.' ஒருவேளை அவருக்கும் விளங்கிவிட்டதோ.

வகுப்பில் சொன்னேன், கடல் வயல் வேண்டாம், இனி வலம் இடம் என்று மாற்றுவோம் என்று. தேவையில்லை என்றார்கள். எல்லோரும் கையை நீட்டினார்கள். நீலப் பேனையால், பெரிய எழுத்தில், எல்லாச் சோத்துக்கையிலும் 'கடள்'. மற்றக் கையில் 'வயள்'. யார் எழுதியது என்று கேட்கத் தேவையிருக்கவில்லை. நுஸ்ரத் முன்வாங்கில் பேனையோடு நின்றாள்.

"டீச்சர், உங்களுக்கு?"

என் கையில் சிவப்புப் பேனை. அதை மேசையில் வைத்துவிட்டுக் கையை நீட்டினேன்.