ஸ்டெல்லா ஏறப்போகும் ஃபெர்ரி

ஜூன் 9, திங்கள்

காலையிலிருந்து சாரல். துணி காயவில்லை. உளுந்து ஊறப்போட மறந்தாச்சு.

நாலு மணிக்குப் பக்கத்து வீட்டு ஸ்டெல்லாவும் நானும் அம்பாசமுத்திரம் பஸ். ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு, மூன்றாவது வாரம். எங்கள் ஏற்பாடு: வி.கே.புரத்தில் ஏறினால் அம்பையில் இறங்கும்வரை பஸ்தான் ஃபெர்ரி. நான் டிக்கெட் கவுன்டர், அவள் பயணி. "வென் இஸ் த நெக்ஸ்ட் ஃபெர்ரி?" கண்டக்டர், "யக்கா, இது பாவநாசத்துல இருந்து வார வண்டி. வேற எங்கயும் போவாது" என்றார். சிரித்து வயிறு வலி.

அவளுக்கு இது விளையாட்டு இல்லை. நியூசிலாந்தில் மகளுக்குப் பிரசவம். விமானம் இறங்கி, ஃபெர்ரிக் கப்பலில் கடல் தாண்டி மகள் ஊர். தனியாகப் போகணும், அடுத்த மாதம். எனக்கு எந்தக் கடல், எந்த மகள்? அவளுக்காகச் சேர்ந்தேன்.

ஜூன் 11, புதன்

வகுப்பில் ஸ்டெல்லா என் பக்கத்தில் உட்காரவில்லை. புதிதாக வந்த திவ்யா பக்கத்தில். முப்பது வயதுகூட இருக்காது. நகப்பூச்சு. சார் கொடுத்த ஃபெர்ரி நேர அட்டவணையை விரித்து வைத்துக்கொண்டு இரண்டு பேரும் ஒரே சிரிப்பு. திங்கட்கிழமை என்னோடு சிரித்த அதே சிரிப்பு.

எனக்கு ஜோடி மளிகைக்கடை அண்ணாச்சி. எல்லாவற்றுக்கும் "யெஸ்". ஃபெர்ரி எத்தனை மணிக்கு? யெஸ்.

திரும்பும்போது பஸ்ஸில் ஸ்டெல்லா கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கவில்லை. முப்பது வருடப் பழக்கம், எனக்குத் தெரியாதா.

வாங்க வேண்டியது: தேங்காய், சீயக்காய், பேனா.

ஜூன் 13, வெள்ளி

பொறாமைதான். எழுதினால் என்ன, யார் படிக்கப்போகிறார்கள். ஐம்பத்து நாலு வயதில்.

மதியம் திவ்யா போன். "ஆன்டி, இன்னைக்கு கிளாஸ் உண்டுமா?"

"இல்லம்மா, சாருக்குக் காச்சல்." வாய் தானாகச் சொல்லிவிட்டது. இல்லை, நான்தான் சொன்னேன்.

வகுப்பில் ஸ்டெல்லா என் பக்கத்தில். ஆனால் கண் முழுக்க வாசலில்.

ஜூன் 14, சனி

மாட்டிக்கொண்டேன். சாருக்குக் காய்ச்சல் விட்டதா என்று திவ்யா ஸ்டெல்லாவிடம் கேட்டிருக்கிறாள். காலையிலேயே ஸ்டெல்லா வந்து நின்றாள். கத்துவாள் என்று பார்த்தேன். கத்தவில்லை.

"ஏட்டி பார்வதி, பொய் சொன்னது கெடக்கட்டும். ஒங்கூட உக்காந்தா எனக்கு வாயே வரமாட்டேங்கு. நா யோசிக்கதுக்குள்ள நீயே கேக்கே, நீயே பதிலும் சொல்லுதே. அங்கன போயி நா ஒத்தையில நிக்கும்போது ஒன்னக் கூப்பிடவா முடியும்?"

காப்பி குடிக்காமல் போய்விட்டாள். சொன்னது அத்தனையும் உண்மை. அதுதான் தாங்க முடியவில்லை.

ஜூன் 16, திங்கள்

வெயில். துணி காய்ந்தது.

திவ்யாவிடம் மன்னிப்பு, இங்கிலீஷில். "ஐ டோல்ட் லை." சிரித்துவிட்டாள். நல்ல பெண்தான், சனியன்.

சார் ஜோடி மாற்றினார். எனக்குத் திவ்யா. ஸ்டெல்லாவுக்கு அண்ணாச்சி. எழுந்து நின்று, தடுமாறித் தடுமாறி அவளே கேட்டாள்: எத்தனை மணிக்கு, எங்கே ஏறணும், பெட்டியை எங்கே வைக்கணும். நடுவில் ஒரு சொல் வரவில்லை. எனக்குத் தெரியும். நாக்கைக் கடித்துக்கொண்டு இருந்தேன். அவளே கண்டுபிடித்துச் சொன்னாள். சந்தோஷம். கூடவே ஒரு பயம், இனி நான் எதற்கு அவளுக்கு?

திவ்யா ஏதோ சொன்னாள். ஒன்றுமில்லாத விஷயம். உரக்கச் சிரித்தேன். ஸ்டெல்லா திரும்பிப் பார்த்தாள். இன்னும் உரக்கச் சிரித்தேன். மறுபடி பார்த்தாள், முகத்தைச் சுளித்துக்கொண்டு, புதன்கிழமை நான் அவளைப் பார்த்த மாதிரியே.

அப்பாடா.