சைக்கிள் டியூப்பும் உனக்க மீன்கத்தியும்

ஏட்டி ஸ்டெல்லா, எனக்கப் பொன்னே,

எனக்கு ஒண்ணும் பிடிகிட்டல்ல, ஒண்ணும் புரியல்ல. அதுக்குத்தான் இந்தக் கடிதம்.

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகுது, உனக்க ஆண்டு ஜெபத்துக்கு நம்ம மோள் ஷைனி ஒரு நினைவு மலர் அடிக்கப் போறா. "அப்பா, அம்மயப் பற்றி நாலு வரி எழுதித் தாருங்க"ன்னு பேப்பரும் பேனாவும் கொண்டு தந்துட்டு பெருங்கடவிளைக்கு பஸ் ஏறிட்டா. மலர் முழுக்க மலையாளம். நீ களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டுல இருந்து பாறசாலைக்குக் கெட்டி வந்தவ. இத்தன வருஷம் இங்க குடியிருந்தும் மலையாளத்த எழுத்துக்கூட்டித்தானே வாசிப்ப? அதனால நான் மட்டும் தமிழ்லதான் எழுதுவேன்னு சொல்லிட்டேன். மற்றவங்க வாசிச்சா வாசிக்கட்டும், இல்லேன்னா பக்கத்தைப் புரட்டட்டும்.

உனக்க அன்பு, அடக்கம், பக்தி, இதெல்லாம் எழுதணும்னு ஷைனிக்கு ஆசை. அதெல்லாம் பாஸ்டர் நல்லாப் பேசுவாரு. அடக்கம்னு அவரு சொல்லும்போது நான் தலையக் குனிஞ்சுக்கிறேன், சிரிப்பு வந்திரக் கூடாதுல்லா. எனக்கு உங்கிட்டக் கேக்கவேண்டியது உனக்க மீன்கத்தியப் பற்றியாக்கும்.

முதல்ல சேதி. மெஷின் ஓடுது! ஆமா, அந்த மெஷின்தான். "உங்களுக்கு சோறு போடுறது நானா, அந்த இரும்பா?"ன்னு நீ கேட்டியே, அதேதான். மலர் வாசிக்கிறவங்களுக்காகச் சொல்லுதேன்: பின்னால ரப்பர் ஷீட் அடிக்கிற ஷெட்டுல, ரோலர வித்த பிறகு கிடந்த இடத்துல, நான் ஒரு பெல்ட் கிரைண்டர் கெட்டிக்கிட்டு இருந்தேன். மூணு சக்கரம், ஒரு மோட்டார், அதுமேல உப்புத்தாள்ல செய்த நீளப் பெல்ட் ஒண்ணு சுத்தும். அதுல இரும்பப் பிடிச்சா தேயும். தேச்சா கத்தி ஆகும். அவ்வளவுதான் காரியம்.

முட்டு வேதனை வந்து சாரத்துல ஏற முடியாமப் போன பிறகு, போன்ல வீடியோ பாத்துப் பாத்து எனக்குப் பிடிச்ச கிறுக்கு அது. "கொத்தனுக்கு எதுக்குக் கத்திப் பட்டறை? தைலத்தத் தேச்சிட்டு ஒரு மூலையில இருங்க"ன்னு நீ சொல்லுவ. சொல்லிட்டு, பழைய இரும்பு வாங்குற ஆக்கர் கடையில மோட்டார் ஒண்ணு கிடக்குன்னு வந்து சொன்னவளும் நீதான். உன்ன எனக்கு அப்பவும் பிடிகிட்டல்ல.

அந்த வாரம் நீ ஷெட்டுக்கு வந்த. மீன்கத்திய துணி துவைக்கிற கல்லுமேல வச்சிட்டு, "மெஷின் ஓடுற அன்னைக்கு இதுக்கு ஒரு வாய் வச்சு கூராக்கித் தாருங்க, சாளை மீன்ல செதிளு கூடப் போகல்ல"ன்ன. கையில தரமாட்ட. கத்தி கைமாறினா சண்டை வரும்னு உனக்க வீட்டுப் பழக்கம். நீ வச்சிட்டுத் திரும்பி நிக்கணும், நான் எடுக்கணும். நான் வச்சா நான் திரும்பி நிக்கணும். பாத்தாக்கூடக் குற்றம். கைமாறாமலேயே நாம போட்ட சண்டைக்கு ஒரு குறைவும் இல்ல, அது வேற.

நான் சக்கரத்தப் பாத்துக்கிட்டே "செரி"ன்னேன். அந்த ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போக சாரி உடுத்துக்கிட்டு நின்னவ, நெஞ்சப் பிடிச்சுக்கிட்டு கட்டில்ல இருந்த. பிறகு எழும்பவே இல்ல. இதுவும் எனக்குப் பிடிகிட்டாத காரியங்கள்ல ஒண்ணு.

கொஞ்ச நாள் ஷெட்டத் திறக்கல்ல. பிறகு ஒருநாள் நான் மேல்சக்கரம் கடையக் கொடுத்திருந்த லேத்துக்கடை சசி அமரவிளையில இருந்து கூப்பிட்டான். "அண்ணா, சக்கரம் ரெடி. எடுத்துட்டுப் போகல்லியா?" போய்ப் பாத்தா எனக்கு வந்த கோபம் இருக்கே! மேல்சக்கரம் நடுவுல வீங்கி இருக்கு. இரும்பு ஸ்கேல அதுமேல வச்சுப் பாத்தேன். நடுவுல மட்டும் முட்டுது, ரெண்டு ஓரத்துலயும் வெளிச்சம் தெரியுது.

"எலே, இது என்ன சக்கரமா, பலாக்கொட்டையா?"

"போன்ல நீங்க காட்டின படத்துல அப்பிடித்தானே அண்ணா இருந்திச்சு. அதுபோலக் கடஞ்சேன்."

"எதுக்கு வீக்கம்?"

"அது எனக்கெப்பிடித் தெரியும்? நீங்கல்லா படம் கொண்டு வந்தது?"

என்னைப் பற்றி உனக்குத் தெரியும். செவுரு கெட்டிக் கெட்டி எனக்க கண்ணு அப்பிடி ஆயிப்போச்சு. சபையில ஒரு படம் ஒரு நூல் சரிஞ்சு தொங்கினா எனக்குப் பிரசங்கம் கேக்காது. அவன் கையாலேயே அந்த வீக்கத்த எடுக்க வச்சேன். ஸ்கேல் வச்சா மயிரிழை வெளிச்சம் தெரியாது. அப்பிடி நேரு! சசியும் பாத்து, "இப்பத்தான் பாக்க ஒரு ஐசுவரியம்"ன்னான்.

வீட்டுல கொண்டுவந்து பூட்டி சுவிட்சப் போட்டேன். பெல்ட் ஒரு சுற்று சுத்தினது கண்டேன். பிறகு பெல்ட்ட சக்கரத்துல காணல்ல. ஷெட்டுக்கு வெளியில போய், பக்கத்து வீட்டு லீலாவுக்க கோழிக்கூட்டுமேல விழுந்து கிடக்கு. கோழி ஒண்ணும் சாகல்ல, லீலாவுக்க வாய்க்குத்தான் வேலை வந்திச்சு. திருப்பியும் மாட்டினேன். இடது பக்கம் ஓடிச்சு. திருகாணியத் திருகினேன். வலது பக்கம் ஓடிச்சு. மோட்டாருக்கு மட்டம் பாத்தேன், சட்டத்துக்கு தூக்குக்குண்டு விட்டுப் பாத்தேன். எல்லாம் நேரு, அச்சு நேரு. எல்லாம் நேரா இருந்தும் பெல்ட் மட்டும் எனக்கு நிக்கமாட்டேங்குது!

ஒரு வாரம் இதே கூத்து. கடைசியில ஒருநாள் எரிச்சல்ல அங்கேயே தரையில இருந்துட்டேன். ஷெட்டுல எங்க பாத்தாலும் நீ சுத்தின சைக்கிள் டியூப். வாளிக் கைப்பிடியில டியூப், சுத்தியல்ல டியூப், கெணத்துக் கப்பியில டியூப். எது நழுவினாலும் நீ டியூப்ப வெட்டிச் சுத்திருவ. உனக்க மீன்கத்திக் கைப்பிடியிலயும் நடுவுல தடிமனா சுத்தி வச்சிருக்க. "நழுவுதுல்லா, சுத்துங்க"ன்னு நீ எங்கிட்ட எத்தன தடவ சொல்லியிருப்ப!

செரி, போட்டும்னு, ஒரு துண்டு டியூப்ப வெட்டி, பசை போட்டு, சக்கரத்துக்கு நடுவுல ஒரு சுற்று இறுக்கி ஒட்டினேன். புத்தியால செய்ததில்ல ஏட்டி, கோபத்துலயும் கொஞ்சம் அழுகையிலயும் செய்தது. காய்ஞ்ச பிறகு சுவிட்சப் போட்டேன்.

பெல்ட் நடுவுல வந்து நின்னுச்சு. அசையல்ல! நான் வேணும்னே குச்சியால ஒரு பக்கம் தள்ளிப் பாத்தேன். திரும்ப மேடேறி நடுவுல வந்து நிக்குது. அந்த வீக்கம் தப்பில்ல, அதுதான் பெல்ட்டப் பிடிச்சு நிப்பாட்டுற சாதனம்!

ஆனா எப்பிடி? மேடுன்னா கீழதானே சறுக்கணும்? தண்ணி சறுக்கும், மணல் சறுக்கும், நானே எத்தன மேட்டுல சறுக்கியிருக்கேன். இந்தப் பெல்ட் மட்டும் எதுக்கு மேட்டத் தேடி ஏறுது? சசிகிட்டக் கேட்டேன், "அது அதுக்க சுபாவம் அண்ணா"ன்னான். ஷைனிக்க மாப்பிள பேப்பர்ல படம் போட்டு விளக்கினாரு. நான் "ஆங், ஆங்"ன்னு தலையாட்டினேன். ஒரு எழுத்து உள்ள ஏறல்ல. சசி இப்போ பழையபடி வீக்கம் வச்சு வேற சக்கரம் கடஞ்சு தந்துட்டான். நீ சுத்துற மாதிரி டியூப் சுத்தின சக்கரத்த நான் தூரக் களையல்ல. ஆணியில மாட்டி வச்சிருக்கேன்.

இனி கத்திக்கு வாறேன்.

நெய்யாற்றின்கரை சந்தையில நாம கெட்டின புதுசுல வாங்கின கத்தி. வாங்கும்போது நேராத்தான் இருந்திச்சு, நான்தானே ஒற்றைக் கண்ணடைச்சுப் பாத்து எடுத்தேன். நீ அத ஒருபக்கமாவே கல்லுல தேச்சுத் தேச்சு, வாய் நடுவுல குழிஞ்சு, பிறை மாதிரி ஆக்கிட்ட. எனக்கு அதக் காணும்போதெல்லாம் பல்லுக் கூசும். "ஒருநாள் இத நேராக்கித் தாறேன்"னு நான் சொல்லுவேன். "தொட்டீங்கன்னா பாத்துக்கிடுங்க, அது எனக்குக் கைக்கு வந்த கத்தி"ன்னு நீ பிடுங்கிக்கிட்டுப் போவ. எப்பவும் சொல்லுவ. அன்னைக்கு ஷெட்டுல மட்டும் சொல்லல்ல.

அது எதுக்கு, ஸ்டெல்லா? சொல்ல மறந்தியா? இல்ல, இவரும் இத்தன நாள் கேட்டாச்சு, நேராக்கிட்டுப் போட்டும்னு விட்டுக்கொடுத்தியா? உடம்புக்கு அப்பவே முடியாம இருந்து, பேசத் தயங்கினியா? நான் ஒரு வார்த்தை திரும்பிக் கேட்டிருக்கலாம். சக்கரத்தப் பாத்துக்கிட்டு இருந்துட்டேன்.

ஷைனி ஆண்டு ஜெபத்தன்னைக்கு அவளே மீன்குழம்பு வைப்பாளாம். பூவார்ல இருந்து சாளைக்குச் சொல்லி வச்சாச்சு. அம்மைக்க கத்தியாலதான் வெட்டணும்னு பிடிவாதம். ஆனா, "அப்பா, இந்தக் குழியில எனக்குக் கை வழங்கல்ல, வெட்டவே வரல்ல, நேராக்கித் தாருங்க. நேராக்கல்லேன்னா நீங்களே சுவருல மாட்டி வச்சிக்கிடுங்க"ன்னும் சொல்லிட்டா. வாய் உனக்கதேதான் அவளுக்கு.

உனக்க கத்தி சுவருல தொங்கக்கூடாதுன்னு எனக்குத் தெரியும். மீன் வெட்டாத கத்திய நீ வீட்டுல வைக்கமாட்ட. ஆனா அந்தக் குழிய எடுத்தா அதுல நீ எங்க இருக்க? ஒருதடவ பெல்ட்டுல வச்சா வச்சதுதான். தேஞ்சது திரும்ப வராது.

இன்னைக்கு காலையில ஷெட்டுக்குப் போனேன். பெல்ட்டுக்குப் பின்னால ஒரு இரும்புத் தகடு உண்டு, அச்சு நேரானது. அதுல வச்சுத் தேச்சா எதுவும் நேராகும். கத்தியக் கொண்டு பக்கத்துல பிடிச்சுப் பாத்தேன். ரெண்டு முனையும்தான் தகட்டத் தொடுது. நடுவுல வெளிச்சம். இத நேராக்கணும்னா ரெண்டு முனையையும் தின்னு தின்னு, உனக்க குழி வரைக்கும் போகணும். போனா கத்தி பாதியாயிரும். சுவிட்சுல கைய வச்சுக்கிட்டு நிக்கேன். போடவும் முடியல்ல, எடுக்கவும் முடியல்ல. நிஜமாச் சொல்லுதேன், உன்னக் கூப்பிட்டேன். அடுக்களையில இருக்கிற ஆளக் கூப்பிடுறதுபோல, "ஏட்டி, இங்க வா, ஒண்ணு கேக்கணும்"னு. லீலா வேலிக்கு அந்தப்பக்கம் நின்னு பாத்துட்டு உள்ள போயிட்டா.

பிறகுதான் கண்ணுல பட்டுது: தகட்டுக்கு மேல, பெல்ட்டுக்குப் பின்னால ஒண்ணும் இல்லாத இடம் கொஞ்சம் உண்டு. அங்க பெல்ட் தொய்வா இருக்கும், அமுக்கினா வளஞ்சு கொடுக்கும். அந்த இடத்துல கத்திய வச்சேன். நீ தேச்ச அதே பக்கம் மட்டும், உனக்க குழிக்குள்ளேயே பைய இழுத்தேன். ஒவ்வொரு இழுப்புக்கும் தண்ணியில முக்கினேன். பெல்ட் அந்தக் குழிக்குள்ள வளஞ்சு போய், நீ விட்ட இடத்துல இருந்தே வாய் வச்சிச்சு. சக்கரத்த நேராக்கி நான் பட்ட பாடு போதாதா? அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது.

பேப்பர வச்சுப் பாத்தேன், சத்தமில்லாம வெட்டுது. குழி குழியாவே இருக்கு. கைப்பிடியில நீ சுத்தின டியூப்பயும் தொடல்ல.

இப்போ ஷைனி என்ன சொல்லுவாளோ? கோபப்படுவா. கை வழங்கல்லேன்னு சொல்லுவா. உனக்கும் முதல்ல வழங்கியிருக்காதே, நீதானே அத வழங்க வச்ச? அவளுக்கும் அவளுக்க குழி விழட்டும். இல்ல, நான் செய்தது தப்பா? அன்னைக்கு நீ சொல்லாம விட்டதுக்கு என்ன அர்த்தம்னு நான் ஜீவிச்சிருக்கிற வரைக்கும் எனக்குத் தெரியப்போறதில்ல. இந்த ஒரு வருஷமா நீ இல்லாத வீட்டுல நான் எங்ஙன நடக்கேன், எதுக்கு அடுப்பப் பற்ற வைக்கேன்னே எனக்குத் தெரியல்ல. உன்னக் காணாம எனக்கு ஒண்ணுமே மட்டத்துல நிக்கல்ல, ஸ்டெல்லா.

ஒண்ணு மட்டும் உறுதியாச் சொல்லுதேன். அந்தக் கத்தி மழுங்கும்போதெல்லாம் நான் வாய் வச்சுத் தருவேன். ஷைனிக்க கையில இருந்தாலும் செரி, வேற யாருக்க கையில இருந்தாலும் செரி. நேராக்க மாட்டேன். நேராக்கணும்னு உனக்கு அன்னைக்கு ஆசை இருந்திருந்தா, எப்பிடியாவது வந்து சொல்லு, திட்டிச் சொன்னாலும் போதும்.

கத்திய துவைக்கிற கல்லுமேல வச்சிருக்கேன். நான் கெணத்தப் பாத்துத் திரும்பி நிக்கேன். பாக்கல்ல, எடுத்துக்க.

உன்னக் கெட்டினவன்,
ஷைனிக்க அப்பா