சிலேட்டில் நான் எழுதிய வசனம்

மாமா,

போன ஞாயிற்றுக்கிழமை டிவி மேசையை நகர்த்தினேன். மழைக்குச் சுவர் ஊறி, பின்னால் பூஞ்சை பிடித்திருந்தது. அந்த வாடைக்குள் கையை விட்டுத் துழாவியபோது பாப்பாவின் பழைய சிலேட்டு வந்தது. மரச்சட்டத்தில் ஒரு மூலை இல்லை. இந்த வீட்டில் நீங்கள் கடைசியாகப் படித்தது அதில்தான்.

டீ ஃபேக்டரியில் வருஷக்கணக்காக மெஷின் பக்கத்திலேயே நின்று உங்கள் காது போயிற்று. அத்தை போன பிறகு கட்டபெட்டு வீட்டைப் பூட்டிவிட்டு, குன்னூரில் எங்களோடு வந்து இருந்தீர்கள். சாயங்காலம் ஆறரை மணி சீரியலுக்கு நான்தான் உங்களுக்குக் காது. உங்கள் மகள் அடுப்படியில் இருப்பாள். டிவியில் பேசுவதை நான் சிலேட்டில் எழுதிக் காட்டுவேன். நீங்கள் படித்துவிட்டுத் திட்டுவீர்கள்.

"அப்பன் செத்துக் கெடக்கறான், இவ வளையலை ஆட்டி ஆட்டி அழுவறா. சத்தத்தை எடுத்துட்டுப் பாருங்க மாப்ளே, ஒருத்தருக்கும் நடிக்கத் தெரியாதுங்க."

பாட்டுப் போட்டியில் கழுத்து நரம்பைப் பார்த்தே மார்க் போடுவீர்கள். முக்கால்வாசி நேரம் நடுவர்களும் அதையே போடுவார்கள். விவாத நிகழ்ச்சியில் நாலு பேர் ஒன்றாக வாயை அசைத்தால், "காது போனது எவ்வளவு சௌகரியம் பாருங்க" என்பீர்கள்.

உங்கள் வாய்க்கு டிவிக்காரர்கள் மட்டும் போதவில்லை. எட்டாவதோடு நின்ற மருமகன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேனே! ஒரு நாள் கோயமுத்தூரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள். நான் எழுதியதை அவர்கள் பக்கம் திருப்பிக் காட்டி, "ஒரு வரியில மூணு தப்பு. இதைப் படிக்கறதுக்கு, காதுக்குப் பதிலா கண்ணு போயிருக்கலாமுங்க" என்றீர்கள். கூடம் முழுக்கச் சிரிப்பு. உங்கள் மகளும் சிரித்தாள். நானும் சிரித்தேன். நல்ல நகைச்சுவைதான், அதனால்தான் அவ்வளவு எரிந்தது.

மறுநாள் சீரியலில், மகள் வீட்டில் தங்கியிருக்கும் அந்தப் பெரியவர், உங்களுக்குப் பிடித்தவர், வாசலில் நிற்கிறார். மகள் தன் புருஷனிடம் அழுதுகொண்டே, "எங்கப்பா கடைசி வரைக்கும் என்கூடத்தான் இருப்பாரு" என்கிறாள். நான் எழுதினேன்: "எங்கப்பா எப்பத்தான் கிளம்புவாரோ தெரியலையே." அந்த அழுகைக்கு இரண்டும் பொருந்தின.

என் மடியில் இருந்த பாப்பாவுக்கு அப்போது ஏழு வயது. எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "அந்த அக்கா அப்படிச் சொல்லவே இல்லீங்கப்பா" என்றாள். தொடையில் கிள்ளினேன்.

"பாப்பா என்ன சொல்றா?" என்று கேட்டீர்கள்.

"பசிக்குதாம்" என்று எழுதினேன்.

அன்றைக்கு நீங்கள் யாரையும் திட்டவில்லை. எனக்கு இனித்தது, மறைக்க மாட்டேன். அந்த வாரம் முழுக்க அந்த மகளை அப்படியே பேசவைத்தேன். பெரியவரின் இருமல், பெரியவர் அடைத்துக்கொண்ட அறை, பெரியவர் கேட்கிற இன்னொரு தோசை. எல்லாம் நம் வீட்டிலிருந்து எடுத்ததுதான். இப்படியொரு வசனகர்த்தாவை எட்டாவதில் ஃபெயில் போட்டுவிட்டார்களே என்றுகூட நினைத்துக்கொண்டேன். நீங்களோ சிலேட்டைப் படித்துவிட்டு, அடுப்படியிலிருந்து என்னோடு பேசும் உங்கள் மகளின் உதட்டைப் பார்க்க ஆரம்பித்தீர்கள். பால் வாங்கியாச்சா என்றுதான் அவள் கேட்டிருப்பாள். நீங்கள் பார்ப்பதை நான் பார்த்தேன். நிறுத்தவில்லை.

வாரக் கடைசியில் பையோடு வந்து நின்றீர்கள். "ஊடு பூட்டியே கெடந்தா பூஞ்சை ஏறிருமுங்க. நான் போயித் தொறந்து வெக்கறேன்."

உங்கள் மகள் பையைப் பிடித்து இழுத்தாள். "எங்கயும் போகக்கூடாதுங்கப்பா! ஏனுங்க, எழுதிக் காட்டுங்க!" வளையல் குலுங்கக் குலுங்க அழுதாள், அந்தச் சீரியல் மகள் மாதிரியே. நீங்கள் அவள் முகத்தைப் பார்த்தீர்கள்; பிறகு என் கையைப் பார்த்தீர்கள். அந்த வாரத்தில் முதல் முறையாக உள்ளதை எழுதினேன்: "உங்களை இங்கயே இருக்கச் சொல்றா மாமா."

படித்துவிட்டு என் தோளைத் தட்டினீர்கள். "உங்களுக்கு நல்ல மனசுங்க மாப்ளே. எனக்காகப் பொய் எழுதறீங்க."

பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. சாக்பீஸும் கையில் இருந்தது. நான் உங்கள் பையைத் தூக்கிக்கொண்டு ஸ்டாண்டுக்கு வந்தேன்.

அந்த வருஷ ஆடி மழையில், கட்டபெட்டு வீட்டில் உங்கள் உயிர் போய் இரண்டு நாள் கழித்துத்தான் பக்கத்து வீட்டுக்காரர் கதவை உடைத்தார். டிவி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்ததாம். "அப்பாவுக்கு வீம்பு" என்று உங்கள் மகள் இன்றைக்கும் சொல்கிறாள். நான் தலையாட்டுகிறேன்.

நானும் வேலை பார்த்தது அதே ஃபேக்டரியில்தானே, இப்போது அந்த மெஷின் சத்தம் என் காதையும் தின்றுவிட்டது. பாப்பா கல்லூரி முடித்துவிட்டாள். சிலேட்டு கிடைத்த அன்று சாயங்காலம் அதைத் துடைத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தேன். அடுப்படி வாசலில் உங்கள் மகளும் பாப்பாவும் என்னைப் பார்த்துப் பார்த்து ஏதோ பேசினார்கள். உங்கள் மகள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். வெங்காயமாகவும் இருக்கலாம்.

"உங்கம்மா என்ன சொல்றா?" என்று கத்தினேன், நீங்கள் கத்துகிற மாதிரியே.

பாப்பா வந்து சிலேட்டை எடுத்தாள். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். எழுதி என் மடியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

"பசிக்குதாம்."

முத்து முத்தான எழுத்து, மாமா. ஒரு பிழை இல்லை. ஒரு வாரமாக அழிக்கவில்லை. டிவி முன்னால் உட்காரும்போது மடியில் எடுத்து வைத்துக்கொள்கிறேன்.