பீட்சாவின் அடியில் ஒரு பெயர்

மார்ச் 2, ஞாயிறு

மகள் வந்தாள். செருப்பைக்கூட வாசலில் உதறிவிட்டு வந்தாள், எப்போது கிளம்பலாம் என்ற அவசரத்திலேயே. ஊரின் மறுகோடியில் அறை எடுத்துப் போனதிலிருந்து இப்படித்தான். காலையிலிருந்து பிசைந்து நான் செய்த பீட்சாவைத் தூக்கினாள். ஈரத்துணி மாதிரித் தொங்கியது. "நடுவுல வேகவே இல்லப்பா. கடையிலயே வாங்கியிருக்கலாம்ல?" ஒரு துண்டோடு எழுந்துவிட்டாள்.

இது நன்றாக வந்தால் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பாள். அவ்வளவுதான் எனக்கு வேண்டியது. இது பேராசையா?

மார்ச் 5

கோளாறு மாவில் இல்லை, தட்டில். ஓவனுக்குள் சூடேறிய கல் இருக்க வேண்டுமாம், அதன்மேல் மாவைப் போட வேண்டுமாம். கல்லறைக் கல் செதுக்கிப் பிழைக்கிறவன் நான். கல்லுக்கு அலைகிறேன் என்றால் வெளியே சொல்ல முடியுமா?

மார்ச் 8

பட்டறையில் ஓவனுக்குள் நுழைகிற அளவில் இருந்தது ஒரே கல். அது கண்டக்டருடையது. ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். போன வருடம் நெஞ்சைப் பிடித்தது, ஆள் போய்ச்சேரப் போகிறோம் என்று முடிவே கட்டிவிட்டார். பக்கத்தில் நின்று தன் கல்லை என்னைச் செதுக்க வைத்தார். பெயர், பிறந்த வருடம், ஒரு கோடு, கோட்டுக்கு அந்தப் பக்கம் இறக்கும் வருடத்துக்குக் காலி இடம். அப்புறம்தான் அது வெறும் வாயு என்று டாக்டர் சொன்னார். ஆள் கல்லை வாங்க வரவே இல்லை.

தேய்த்துக் கழுவி உள்ளே வைத்தேன். மனைவி எட்டிப் பார்த்தாள். "எழுத்து இருக்கிற பக்கத்தையாவது கீழ போடுங்களேன்." பின்பக்கம் ஒரே கரடுமுரடு. வழவழப்பு எழுத்துப் பக்கத்தில்தானே இருக்கிறது, நான் என்ன செய்ய?

மார்ச் 9, ஞாயிறு

வந்துவிட்டது. அடி மொறுமொறுவென்று, தட்டினால் சத்தம் கேட்கிறது. திருப்பிப் பார்த்தால் கண்டக்டரின் பெயர் இடவலம் மாறிப் புடைத்து நிற்கிறது. காலி இடத்தில் மட்டும் லேசான வெளுப்பு. யாருக்கு என்ன?

மகள் கைக்கண்ணாடியில் காட்டி வாசித்தாள். "யாருப்பா இவரு? செத்துட்டாரா?"

"இல்லம்மா, ரிட்டயர் ஆயிட்டாரு."

புரையேறச் சிரித்தாள். சாயங்காலம் வரை இருந்தாள்.

மார்ச் 16, ஞாயிறு

இன்றும் இருந்தாள். வேறென்ன எழுத?

மார்ச் 20

போச்சு. கண்டக்டர் பட்டறை வாசலில் நிற்கிறார், கன்னமெல்லாம் சதை போட்டு. "கல்லு என் வீட்லயே இருக்கட்டும், எடுத்துட்டுப் போறேன்" என்றார். இன்னும் காயவில்லை என்று உளறினேன்.

"கல்லு காயணுமா?"

"சில கல்லு காயணும் சார். ஞாயித்துக்கிழமை வாங்க."

ஞாயிறு என்று ஏன் சொன்னேன்? வாரத்தில் வேறு கிழமையே கிடைக்கவில்லையா எனக்கு?

மார்ச் 23, ஞாயிறு

வந்தார். ஓவனைத் திறந்து காட்டுவதைத் தவிர வழியில்லை. அவர் கல்லின்மேல் சீஸ் கொதித்துக்கொண்டிருந்தது. குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார். அறை விழப்போகிறது என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன்.

"என் பேர் மேல என்ன போட்டிருக்கீங்க?"

"தக்காளி, சீஸ். கொஞ்சம் பூண்டு."

உட்கார்ந்தார். தன் பெயர் விழுந்த துண்டுகளை வேறு யாரும் தொடக்கூடாது என்று மகளோடு சண்டை போட்டே வாங்கினார். கடைசியில் கல் ஆறும்வரைகூடப் பொறுக்கவில்லை. சாக்கில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு கிளம்பினார். வீட்டில் ஓவன் இருக்கிறதாம். மாவுக்கு எவ்வளவு தண்ணீர் என்று படியிறங்கும்போது கேட்கிறார். பாவி மனுஷன்.

மார்ச் 29

அதே ரகக் கல், எழுத்து இல்லாமல் போட்டுப் பார்த்தேன். நடுவில் சொதசொத. எழுத்துப் பள்ளம் வழியாகத்தான் ஆவி வெளியேறுகிறது போல. "பூ செதுக்குங்க" என்றாள் மனைவி. செதுக்கினேன். இதழெல்லாம் மாவைப் பிடித்துக் கிழித்தது. பூ எனக்கு எப்போதுமே வராது. எழுத்துதான் கை பழகிய வெட்டு.

யார் பெயரை வெட்டுவது? உன் பெயரை வெட்டவா என்றேன் மனைவியிடம். பூரிக்கட்டை மாதிரி ஏதோ அவள் கைக்குப் போனது. எழுந்து பட்டறைக்கு வந்துவிட்டேன்.

ஏப்ரல் 2

என் பெயரையே வெட்டினேன். கை தன்பாட்டுக்குப் போயிற்று. பெயர், பிறந்த வருடம், கோடு. கோட்டை இழுத்த பிறகுதான் உறைத்தது. அடப்பாவி, என்னடா செஞ்சு வச்சிருக்க? உளியைக் கீழே வைத்துவிட்டு டீ குடித்தேன். பேனாவில் எழுதினால் அடிக்கலாம். கல்லில் எங்கே அடிக்க?

மனைவி பார்த்தாள். பூரிக்கட்டையைக்கூட எடுக்கவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

ஏப்ரல் 6, ஞாயிறு

அடி பிரமாதம். கோட்டுக்கு அந்தப் பக்கம் மட்டும் வெள்ளையாக ஒரு திட்டு.

மகள் சிரித்துக்கொண்டே கைக்கண்ணாடியை எடுத்தாள். இந்த வாரம் எந்த சாரோ என்றாள். வாசித்தாள். சிரிப்பு அப்படியே நின்றது.

"இது உங்க பேருப்பா."

"எழுத்து இல்லாட்டி வேக மாட்டேங்குதும்மா."

"இந்த இடம் ஏன் வேகல?"

"அங்க இன்னும் ஒண்ணும் வெட்டல. சும்மா ரெண்டு பள்ளம் எடுத்துவிட்டா சரியாயிடும். நாளைக்கே..."

"வெட்டாதீங்க." கண்ணாடியைக் கவிழ்த்து வைத்தாள். "அது வேகாமலே இருக்கட்டும்."

அந்த வெள்ளைத் திட்டு இருந்த துண்டை அவளே எடுத்துக்கொண்டாள். பச்சை மாவு. மென்று மென்று முழுசாகத் தின்றாள். நான் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன். பூண்டு காரம் என்று சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 9, புதன்

வேலை முடிந்து நேராக இங்கே வந்து நிற்கிறாள். இன்றைக்கு மாவு பிசையவில்லையே என்றேன். "நான் கேட்டேனா?" என்றாள். செருப்பைக் கழற்றி ஓரமாக ஜோடி சேர்த்து வைத்தாள். முட்டை பொரித்துச் சாப்பிட்டோம்.